அந்த ஐந்து பாட்டில்களைத் திறக்க வேண்டாம்

கேள்வி: பாலக்கோடு பக்கத்தில் கிராமம். அரை ஏக்கரில் தக்காளி, வீட்டைச் சுற்றி நாலைந்து மாமரம். தக்காளி விலை படுத்துவிட்டால் பறிப்புக் கூலிகூடத் தேறுவதில்லை. எதையாவது கெடாமல் வைக்க முடியுமா என்று வீடியோ பார்த்து, பச்சை மொச்சைக் குழம்பைப் பழைய ஜாம் பாட்டில்களில் ஊற்றி, 5 லிட்டர் குக்கருக்குள் நிற்கவைத்து ஆறு விசில் விட்டு எடுத்தேன். மூடி நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குக் கொடுத்தனுப்ப எண்ணம். மூன்று வாரம் ஆகிறது. ஒரு பாட்டிலைத் திறந்து சுடவைத்துச் சாப்பிட்டோம், ருசி மாறவில்லை. மீதி ஐந்து அலமாரியில் இருக்கின்றன. இதற்கென்றே 'கேனர்' என்று பெரிய குக்கர் ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்கலாமா? இன்னொன்று, பழைய குக்கரில் இப்போது விசில் சரியாக வருவதில்லை, கைப்பிடிப் பக்கம் ஆவி போகிறது. சேஃப்டி வால்வு போனபோது ஒரு கடையில் அந்த ஓட்டையில் போல்ட் போட்டு அடைத்துக் கொடுத்தார்கள். அதையே ஓட்டலாமா, புதிது வாங்குவதென்றால் எதை வாங்குவது?

பதில்: அம்மா, குக்கர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அலமாரியில் இருக்கும் ஐந்து பாட்டில்கள். வாசனையிலோ ருசியிலோ தெரியாத, ஆளையே கொல்லக்கூடிய ஒரு பாக்டீரியா விஷம் அவற்றில் இருக்கலாம். அவற்றைத் திறக்காதீர்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம், விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். மகனுக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்தனுப்பியிருந்தால் இப்போதே போன் செய்து சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாட்டில்களை மூடியோடு அப்படியே ஒரு பெரிய அண்டாவில் படுக்கவைத்து, அவற்றுக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கிற அளவு தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஆறியபிறகு பாட்டிலோடு தடிமனான பையில் கட்டி, நாயோ கோழியோ கிளறாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள். சாப்பாடு வீணாகிறதே என்று மாட்டுத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். இந்த விஷம் மாட்டையும் கொல்லும். ஏதாவது ஒரு பாட்டில் கசிந்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் துடையுங்கள்.

திறந்து சாப்பிட்ட பாட்டிலைப் பற்றிப் பயந்துகொண்டே இருக்க வேண்டாம். நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டிருந்தால் அதுவே உங்களைக் காத்திருக்கும். இந்த விஷம் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். வீட்டில் யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். போனவுடன், 'வீட்டில் பாட்டிலில் அடைத்த மொச்சை சாப்பிட்டோம்' என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் பக்கவாதம் என்றோ வேறு நரம்புக் கோளாறு என்றோ நினைத்துவிட வாய்ப்பு உண்டு. காய்ச்சல் இருக்காது, நினைவும் தெளிவாக இருக்கும். அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

ஒரு பாட்டில் நன்றாக இருந்ததை வைத்து மற்ற ஐந்தையும் எடைபோடக் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. மண்ணில் விளையும் எதிலும் அதன் வித்துகள் ஒட்டியிருக்கலாம். ஒரு பாட்டிலில் இருக்கும், பக்கத்துப் பாட்டிலில் இருக்காது. நாம் தினமும் அந்த வித்துகளைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவை முளைத்து விஷம் சுரக்க மூன்று வசதி வேண்டும்: காற்று இருக்கக் கூடாது, புளிப்பு இருக்கக் கூடாது, அறைச் சூட்டில் ஈரத்தோடு சும்மா கிடக்க வேண்டும். மூடி இறுக்கமாக உள்ளே இழுத்துக்கொண்ட மொச்சைக் குழம்பு பாட்டிலில் இந்த மூன்றும் இருக்கிறது. மூடி இழுத்துக்கொண்டது நல்ல அடையாளம் என்று நீங்கள் நினைத்தீர்கள். காற்று வெளியே போய்விட்டது என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. ஆறு விசிலில் மற்ற கிருமிகள் செத்துப்போயிருக்கும், இந்த வித்து தப்பித்திருக்கும். போட்டிக்கும் ஆள் இல்லை. கெட்ட வாசனை, நுரை, மூடி உப்பல் எதுவுமே இல்லாமலும் விஷம் இருக்கலாம்.

சரி, குக்கரில்தானே வைத்தேன், வெறும் கொதி இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். காய், பயறு, கறி மாதிரிப் புளிப்பில்லாத பொருளை டின்னில் அடைக்கிற ஆலைகளில் 'ரிட்டார்ட்' என்று பெரிய இரும்புக் கலம் இருக்கும். அதில் கணக்கு என்னவென்றால், டின்னின் நடு மையத்தில் இருக்கிற கடைசிப் பருப்பு வரைக்கும் 121 டிகிரி சூட்டில் குறைந்தது மூன்று நிமிஷம் இருந்ததற்குச் சமமான சூடு போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று டின்னுக்குள்ளேயே வெப்பமானிக் கம்பியைச் செருகி அளந்துதான் ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் குறிப்பார்கள். வீட்டு விசில் குக்கரும் 15 பவுண்டு அழுத்தத்துக்குச் செய்ததுதான். ஆவி 121 டிகிரி பக்கம் போகத்தான் செய்யும். அது ஆவியின் சூடு. உங்கள் பாட்டிலின் நடுவில் என்ன சூடு என்று ஆறு விசில் எதையும் சொல்லாது.

விசில் என்பது நேரக் கணக்கே இல்லை. அடுப்பைக் கூட்டி வைத்தால் ஆறு விசில் எட்டு நிமிஷத்தில் அடித்துவிடும், சிம்மில் வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் இறங்கி ஏறுகிறது. அதுபோக, உள்ளே ஆவியோடு காற்றும் சிக்கியிருந்தால் அதே அழுத்தத்தில் சூடு குறைந்துபோகும். அதனால்தான் கேனர் பாத்திரத்தில் வெயிட்டைப் போடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஆவியைத் தொடர்ந்து வெளியேற விடச் சொல்கிறார்கள். சிறிய குக்கர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடும். பெரிய கேனருக்குக் குறித்த நேரத்தில் அந்த ஏறுகிற, ஆறுகிற நேரத்தின் சூடும் சேர்ந்துதான் கணக்கு. நம் ஊரின் உயரமும் இதில் உண்டு. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருப்பவை. தண்ணீர் 98 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது, அங்கே 97. குக்கருக்குள்ளும் அதே கதைதான், ஓசூரில் அதே வெயிட் ஒன்று ஒன்றரை டிகிரி குறைவான சூட்டையே தரும். சமையலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, இன்னும் ரெண்டு நிமிஷம் வைத்தால் பருப்பு வெந்துவிடும். பாட்டிலில் அடைப்பதற்கு அப்படி விட்டுவிட முடியாது.

இப்போது கேனர். அமெரிக்க வீடுகளில் பயன்படுத்துகிற கனமான பெரிய கலம் அது. ஒரு லிட்டர் அளவுப் பாட்டில் குறைந்தது நான்காவது நிற்க வேண்டும். அழுத்தம் காட்டும் முள் டயலோ, 5, 10, 15 என்று அளவிட்ட வெயிட்டோ இருக்கும். அந்த நாட்டு வேளாண் துறை ஒவ்வொரு பொருளுக்கும் சோதித்துப் பார்த்து நேரம் குறித்து வைத்திருக்கிறது. காய்ந்த பயறு வகையை ஊறவைத்து வேகவைத்து அரை லிட்டர் பாட்டிலில் அடைத்தால் 75 நிமிஷம், ஒரு லிட்டர் என்றால் 90 நிமிஷம். நம் உயரத்தில் வெயிட் வகையாக இருந்தால் 15 பவுண்டு போட வேண்டும். அந்த நேரம் முழுக்க அழுத்தம் ஒருமுறைகூட இறங்கக் கூடாது. இறங்கினால் மறுபடி முதல் நிமிஷத்திலிருந்து. மீன் என்றால் இன்னும் அதிகம், அரை லிட்டர் பாட்டிலுக்கே 100 நிமிஷம்.

வாங்கலாமா என்றால், உங்களுக்கு வேண்டாம் என்பதே என் முடிவு. விலைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நேரமெல்லாம் உப்புத் தண்ணீரில் வேகவைத்த வெறும் பயறுக்குச் சொன்னது. நம் மொச்சைக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றியிருப்போம், எண்ணெய் இருக்கும், பாதி மசிந்து கெட்டியாக இருக்கும். கெட்டியாக ஆக ஆக சூடு நடுவுக்குப் போவது மெதுவாகும். மசித்த பருப்பை, மசித்த பூசணியைக் கேனரிலும் அடைக்க வேண்டாம் என்றே அவர்கள் சொல்கிறார்கள். நம் குழம்புக்கு யாரும் அளந்து நேரம் குறித்துத் தரவில்லை. அளக்காத நேரத்தை நாமாக ஊகித்து, வேறு ஊரில் தனியாக இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவது சரியில்லை. ஆன்லைனில் 'கேனர்' என்று பெயர் போட்டு வருகிற எல்லாமே அழுத்தம் தாங்குபவை என்றும் நம்பிவிடாதீர்கள். அதில் பல, மூடி போட்ட பெரிய கொதிநீர்ப் பானைதான். பட்டன் வைத்த எலக்ட்ரிக் குக்கரும் இந்த வேலைக்கு ஆகாது.

எந்தப் பாத்திரம் என்று கேட்பதற்கு முன்னால், அடைக்கப்போகிற பொருள் புளிக்குமா என்று கேட்க வேண்டும். புளிப்பை பிஹெச் என்கிற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்கவே முடியாது. அப்போது அழுத்தமே தேவையில்லை, கொதிக்கிற தண்ணீர் போதும். உங்களிடம் விளைவது தக்காளியும் மாங்காயும். இரண்டும் இதற்கு ஏற்றவை, கொஞ்சம் கூடுதல் புளிப்பு சேர்த்துக்கொண்டால்.

தக்காளி புளிப்புதானே என்று தோன்றும். ஆனால் அது எல்லைக்கோட்டில் நிற்கிற பழம். நாட்டுத் தக்காளி நன்றாகப் புளிக்கும். இப்போது லாரி ஏற்றுவதற்காகப் போடுகிற கெட்டித்தோல் ரகங்கள் அவ்வளவு புளிக்காது, செடியிலேயே கனிந்து தொய்ந்துபோனால் புளிப்பு இன்னும் இறங்கிவிடும். அதனால் எந்த ரகமாக இருந்தாலும் ஒரு லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் தருகிற வெள்ளைத் தூள், கட்டாயம் போட வேண்டும். அரை லிட்டர் பாட்டிலுக்குக் கால் தேக்கரண்டி. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றலாமே என்பார்கள். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், தூளில் அந்தக் குழப்பம் இல்லை. புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால், பாட்டிலைத் திறந்து சமைக்கும்போது துளி சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை எளிதுதான். அழுகல், கறுப்புப் புள்ளி இல்லாத பழமாகப் பாருங்கள். சொத்தைப் பழத்தை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சேர்ப்பது குழம்புக்குச் சரி, பாட்டிலுக்கு ஆகாது. பூஞ்சை பிடித்த பழம் புளிப்பைத் தின்றுவிடும். ஒரு லிட்டர் பாட்டிலுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வேண்டும். வெந்நீரில் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் உரிந்துவரும். நாலாக நறுக்கி மசித்துக் கொதிக்கவைத்து, கொதி வந்தபிறகு ஐந்து நிமிஷம் விடுங்கள். கழுவிச் சூடாக வைத்திருக்கிற பாட்டிலில் முதலில் எலுமிச்சை உப்பு, அதன்மேல் சூடான தக்காளி, மேலே அரை அங்குலம் காலி. கரண்டிக் காம்பை உள்ளே விட்டு, அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். விளிம்பை ஈரத்துணியால் துடைத்து மூடுங்கள். அண்டாவின் அடியில் மரத்தட்டோ மடித்த துணியோ போட்டு அதன்மேல் பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் மணி பார்க்க வேண்டும். நம் உயரத்துக்கு அரை லிட்டர் பாட்டில் 40 நிமிஷம், ஒரு லிட்டர் 50 நிமிஷம். தளி, தேன்கனிக்கோட்டை மாதிரி இன்னும் மேட்டில் இருக்கிறவர்கள் ஐந்து நிமிஷம் கூட்டிக்கொள்ளலாம்.

இதில் வெங்காயம், பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை எதையும் சேர்க்காதீர்கள். தாளித்துக் கொட்டவும் கூடாது. அவையெல்லாம் புளிப்பைக் குறைக்கிறவை, அந்த 40 நிமிஷக் கணக்கு வெறும் தக்காளிக்கு மட்டுமே. பழைய ஜாம் பாட்டில் மூடியையும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அதன் உள்பக்கத்து ரப்பர் பூச்சு ஒருமுறைக்கானது. தகட்டு மூடியும் வளையமும் தனித்தனியாக வருகிற கண்ணாடி ஜாடிகள் இப்போது கிடைக்கின்றன. ஜாடியும் வளையமும் வருஷக்கணக்கில் வரும், தகட்டை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். உங்கள் காசை கேனரில் போடாமல் இதில் போடுங்கள். வெளியே எடுத்ததும் ஈரமான கடப்பைக் கல் மேடையில் வைத்தால் விரிசல் விடும், துணிமேல் வையுங்கள். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். டிக்கென்று மேலும் கீழும் போனால் அது அடைபடவில்லை, அதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

மாம்பழத்தில் ரகம் பார்க்க வேண்டும். ஆலைகள் எல்லாம் பெங்களூரா என்கிற கிளிமூக்கு ரகத்தைத் தேடுவதற்கு விலை ஒரு காரணம், அதன் புளிப்பும் ஒரு காரணம். பெங்களூராவோ அல்போன்சாவோ, ஒவ்வொரு தொகுதியையும் அளந்து, தேவைப்பட்டால் சிட்ரிக் ஆசிட் சேர்த்துத்தான் அடைப்பார்கள். நன்றாகக் கனிந்த இனிப்பு மாம்பழம் 4.6-ஐத் தாண்டிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. பழம் என்றாலே புளிப்பு என்று நம்பி அப்படியே அடைத்துவிடுகிறார்கள். உங்கள் மரம் பெங்களூரா என்றால், அளவாகப் பழுத்த காயின் கூழை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பும் ருசிக்குச் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கால் லிட்டர் சின்ன பாட்டில்களில் ஊற்றி, கொதிநீரில் 20 நிமிஷம் வையுங்கள். பெரிய பாட்டில் வேண்டாம். மல்கோவா, செந்தூரா என்றால் பாட்டிலை மறந்துவிட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். பச்சை மாங்காய் இதைவிடச் சுலபம். ஊறுகாயும் தொக்கும் நம் பாட்டிமார் காலத்திலிருந்து கெடாமல் இருப்பதற்குப் புளிப்பும் உப்பும்தான் காரணம்.

மகனுக்கு என்ன கொடுத்தனுப்புவது? மொச்சையைக் காயவைத்துக் கொடுங்கள், ராத்திரி ஊறப்போட்டால் காலையில் அவரே குக்கரில் வைத்துக்கொள்வார். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு எல்லாம் பெங்களூர் பஸ்ஸில் தாராளமாகப் போகும். தொக்கில் புளி தாராளமாக இருக்கட்டும், நீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். குழம்பாகவே வேண்டும் என்றால் டப்பாவில் உறையவைத்து, கிளம்புகிற அன்று கொடுத்து, போனதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பது ஒன்று இப்போது பரவுகிறது. அதிலும் இதே விஷம் வரலாம், அது வேண்டவே வேண்டாம்.

இனிக் குக்கர். உங்கள் கடிதத்தில் மொச்சைக்கு அடுத்தபடியாக என்னைத் திடுக்கிட வைத்தது அந்த போல்ட்தான். சேஃப்டி வால்வில் குறைந்த சூட்டில் உருகுகிற உலோகம் வைத்திருப்பார்கள். ஆவிக்குழாய் அடைத்துக்கொண்டாலோ தண்ணீர் வற்றிவிட்டாலோ சூடு ஏறி அது உருகி, ஆவி அந்த வழியாகப் போய்விடும். அது உருகியது என்றால் உங்கள் குக்கர் சரியாக வேலை செய்தது என்று அர்த்தம். ஏன் உருகியது என்று பார்த்திருக்க வேண்டிய நேரத்தில், அந்த வழியையே போல்ட் போட்டு மூடிவிட்டார்கள். இப்போது ஆவிக்குழாயில் ஒரு மொச்சைத் தோல் சிக்கினால் ஆவிக்கு வேறு வழியில்லை. கைப்பிடிப் பக்கம் கசிகிற அந்தப் பழைய கேஸ்கட்தான் இதுவரை உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. புது கேஸ்கட் போட்டு அதே மூடியை ஓட்டினால் ஆபத்து கூடும், குறையாது. ஆகையால் இன்றிலிருந்து அந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

விசில் சரியாக வராததற்கு எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கிற காரணம் போர் தண்ணீர். உப்புப் படிந்து படிந்து ஆவிக்குழாயின் துளை சுருங்கிவிடும். புதுக் குக்கர் வாங்கியபிறகும் இதை விடாதீர்கள்: ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, குழாய் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஊசியோ கம்பியோ விட்டுச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுப்பு. கொதிக்க ஒகேனக்கல் குடிநீர் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள், படிவு குறையும். மூடியின் மேலே வெயிட் வைக்கிற வகையாக இருந்தால், ஆவி சீராகக் குழாயில் வருவதைப் பார்த்தபிறகு வெயிட்டை வையுங்கள். குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

எவ்வளவு நிரப்புவது என்பதில் நம் வீடுகளில் தாராளம் அதிகம். எதுவாக இருந்தாலும் தண்ணீரோடு சேர்த்து முக்கால் பாகம்கூடப் போகக் கூடாது, மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்த வேண்டும். அரிசி, துவரம்பருப்பு, கொள்ளு, மொச்சை மாதிரி நுரைத்துப் பொங்குகிறவை பாதிக்கு மேல் கூடாது. கொள்ளும் மொச்சையும் தோல் கழன்று மேலே மிதக்கும், அதுதான் குழாயில் போய் உட்காரும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். களியைக் குக்கரில் கிண்டப் பார்க்கிறார்கள் சிலர். கேழ்வரகு மாவு அடியில் பிடித்து மேலே அடைக்கும், அது வெறும் பானைக்கான வேலை. பருப்பு, கொள்ளு வெந்ததும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், குழம்போடு பீறிடும். தானாக ஆறட்டும்.

என்றாவது அடுப்பில் வைத்து ரொம்ப நேரமாகியும் விசிலும் இல்லை, ஆவியும் இல்லை என்றால் கேஸை அணையுங்கள். அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வெயிட்டைத் தட்ட வேண்டாம், குக்கரைத் தூக்கிக் குழாயடியில் வைக்க வேண்டாம், மூடியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். அரை மணி, முக்கால் மணி நேரம் ஆகட்டும். முழுக்க ஆறியபிறகும் திறக்க மறுத்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டிக் காம்பைச் செருகி நெம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. அந்த நேரத்தில் குழந்தைகளைச் சமையலறைக்குள் விடாதீர்கள்.

வாங்கும்போது முதலில் ஐஎஸ்ஐ முத்திரை. குக்கருக்கான தர எண் ஐஎஸ் 2347. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' என்ற அரசு செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து இந்த முத்திரை இல்லாமல் வீட்டுக் குக்கர் விற்பதே சட்டப்படி தவறு. சந்தையில் பேரம் பேசிக் கொடுக்கிற, ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிற குக்கர்களில் இதைக் கட்டாயம் பாருங்கள். வீட்டில் நான்கைந்து பேர் என்றால் 5 லிட்டர், ரெண்டு பேருக்கு 3 லிட்டர் போதும். நீங்கள் தக்காளியும் புளியும் அதிகம் புழங்குகிற வீடு என்பதால் நான் ஸ்டீலையே சொல்வேன், அடிப்பாகம் கனமாக, நடுவில் அலுமினியம் வைத்து மூன்றடுக்காகச் செய்ததாகப் பார்த்து. அலுமினியம் மலிவு, சீக்கிரம் சூடேறும், பருப்புக்கும் சோற்றுக்கும் அருமையானது. ஆனால் புளிக்குழம்பை அதிலேயே ராத்திரி முழுக்க விட்டுவைக்கக் கூடாது. மூடி உள்ளே பொருந்துகிறதா வெளியே பூட்டுகிறதா என்பது உங்கள் கைக்கு எது பழக்கமோ அதன்படி. உள்மூடி வகையில் ஆவி இருக்கும்வரை திறக்கவே வராது, மறதி அதிகமுள்ள பெரியவர்கள் சமைக்கிற வீட்டுக்கு அது நல்லது.

கேஸ்கட்டை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதற்கு முன்பே கெட்டியாகி விரிசல் கண்டால் அப்போதே. ஃப்ரீசரில் வைத்தால் இறுகும் என்று செய்வது ஒருநாள் சமையலை ஓட்டும், அவ்வளவுதான். சேஃப்டி வால்வு, கேஸ்கட், வெயிட் மூன்றும் அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். ஒரு கம்பெனி வெயிட்டை இன்னொரு குக்கரில் வைத்தால் எந்த அழுத்தத்தில் தூக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஓசூர் சிப்காட்டிலேயே டிடிகே பிரெஸ்டீஜின் ஆலை இருக்கிற பகுதி நம்முடையது, அசல் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. தருமபுரியில் எந்தக் கம்பெனி டீலரிடம் வாங்குகிறீர்களோ அவரிடமே ஒரு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், மூடியில் போல்ட் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள். வேலைக்கு வருகிற பெண்ணுக்கோ பக்கத்து வீட்டுக்கோ பாவம் என்று தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் போடுவதானால், கைப்பிடியைக் கழற்றிவிட்டு மூடியின் விளிம்பைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, யாரும் மறுபடி பூட்ட முடியாதபடி நெளித்துப் போடுங்கள்.